காகிதத்தில் தோற்கலாமா?

சென்ற மாதம் ஏற்காடு மலையில், தலைச்சோலைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், ஒரு கட்டுக் காகிதம் நமது கைக்கு வந்தது. வன உரிமைச் சட்டப்படி தங்கள் காட்டு நிலத்துக்கு உரிமை கேட்டு மலையாளிப் பழங்குடிக் குடும்பங்கள் கொடுத்த மனுக்கள் அவை. இருபதுக்கு மேல் இருக்கும். அத்தனையும் திரும்பி வந்தவை.

நாமும் வழக்கம்போல அதிகாரிகள்மீது ஆத்திரப்பட்டுக்கொண்டுதான் கட்டைப் பிரித்தோம். இரண்டு மனுக்களைப் படித்ததுமே நம் ஆத்திரம் வேறு பக்கம் திரும்பியது. எல்லா மனுவிலும் ஒரே கையெழுத்து. எல்லாக் குடும்பத்துக்கும் நிலம் 1 ஏக்கர். எல்லா நிலத்துக்கும் எல்லை: கிழக்கே காடு, மேற்கே காடு, வடக்கே காடு, தெற்கே காடு! ஒருவருடைய நிலத்துக்கு அடுத்த நிலம் இன்னொருவருடையது என்பதைக்கூட அந்த மனுக்கள் ஒத்துக்கொள்ளவில்லை. இவற்றுக்கெல்லாம் மேலாக ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு வாக்கியம்: “வனத்துறைக்குச் சொந்தமான மேற்படி இடத்தை நான் ஆக்கிரமித்து அனுபவித்து வருகிறேன், ஐயா அவர்கள் கருணை கூர்ந்து பட்டா வழங்க வேண்டுகிறேன்.”

எழுதிக் கொடுத்தது யார் என்று விசாரித்தோம். வேறு யாரும் இல்லை, நமது தோழர்தான். ஒரே இரவில் அரிக்கேன் விளக்கடியில் உட்கார்ந்து இருபது மனுக்களையும் எழுதி முடித்தாராம். அவருடைய உழைப்பைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை. ஆனால் அந்த ஓர் இரவின் அவசரத்தால் இருபது குடும்பங்கள் ஓராண்டுக்கு மேல் அலைந்திருக்கின்றன என்பதை மறைப்பதில் யாருக்கும் லாபமில்லை. அதனால்தான் இந்த வாரம் மனு, அறிக்கை, வேலைத்திட்டம் எழுதும் விஷயத்தைப் பற்றியே தலையங்கம் எழுதுகிறோம்.

முதலில் அந்த ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். “ஆக்கிரமிப்பு” என்பது யாருடைய சொல்? காட்டில் பிறந்து, காட்டில் சாமையும் கேழ்வரகும் விதைத்து, காட்டிலேயே தன் பெற்றோரைப் புதைத்தவனைப் பார்த்துச் சர்க்கார் சொன்ன சொல் அது. 2006 ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தன் முகப்பிலேயே, இந்த ஜனங்களுக்குச் சரித்திர ரீதியாக அநீதி இழைக்கப்பட்டது என்று ஒப்புக்கொள்கிறது. சட்டமே அப்படிச் சொல்லும்போது, நாமே முன்வந்து “நான் ஆக்கிரமித்தேன்” என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதா? எதிர்த்தரப்பு வக்கீல் எழுதவேண்டிய வாக்கியத்தை நாம் இலவசமாக எழுதிக் கொடுத்திருக்கிறோம். “கருணை கூர்ந்து” என்பதும் இதே ரகம்தான். இது கருணை மனு அல்ல, உரிமைக் கோரிக்கை. “2005 டிசம்பர் 13 ஆம் தேதிக்கு முன்பிருந்தே இந்த நிலம் எங்கள் குடும்பத்தின் அனுபவத்தில் இருக்கிறது; சட்டப்படி அதன்மீது எனக்குள்ள உரிமையை அங்கீகரிக்கக் கோருகிறேன்” என்று எழுதினால் போதும். பணிவும் குறையாது, வழக்கும் கெடாது.

அந்தத் தேதி முக்கியமானது. பழங்குடியினர் 2005 டிசம்பர் 13 க்கு முன் நிலம் தம் அனுபவத்தில் இருந்ததைக் காட்டினால் போதும். பழங்குடியினர் அல்லாத மற்ற வனவாசிகள்தான் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கே வாழ்ந்ததைக் காட்டவேண்டும். சேலம் மாவட்டத்தில் “மலையாளி” என்ற பெயர் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் நாம் பார்த்த மனுக்கள் சிலவற்றில் ஜாதி என்ற இடத்தில் “கவுண்டர்” என்று மட்டும் இருந்தது. மலையில் எல்லோரும் அப்படித்தான் சொல்லிக்கொள்வார்கள், ஊர்ப் பேச்சில் அதில் தவறில்லை. ஆனால் படிவத்தில் அப்படி எழுதினால் அவரைப் பழங்குடியினர் அல்லாதவர் என்று எடுத்துக்கொண்டு, 75 வருஷத்துச் சாட்சியம் எங்கே என்று கேட்க வழி பிறக்கிறது. ஒரே ஒரு சொல்லால் ஏற்படும் நஷ்டம் இது! சாதிச் சான்றிதழில் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதவேண்டும்.

நிலத்தின் அளவுக்கு வருவோம். 1 ஏக்கர் என்று எழுதியது ஏன் என்று அந்தத் தோழரைக் கேட்டபோது, “அதிகமாய்க் கேட்டால் ஒன்றும் தரமாட்டார்களோ என்று பயந்தேன்” என்றார். நேர்மையான பதில்தான். ஆனால் சட்டம் 4 ஹெக்டேர் வரை, அதாவது ஏறத்தாழ 10 ஏக்கர் வரை, உண்மையில் அனுபவத்தில் உள்ள நிலத்துக்கு உரிமை தருகிறது. இரண்டரை ஏக்கரில் பயிர் செய்கிறவன் 1 ஏக்கர் என்று எழுதினால் மீதி ஒன்றரை ஏக்கரைத் தன் கையாலேயே விட்டுக்கொடுத்தவன் ஆகிறான். கூட்டி எழுதுவதும் கூடாது. அளக்க வரும்போது ஒரு மனுவில் பொய் தெரிந்தால் இருபது மனுவின்மீதும் சந்தேகம் விழும். கயிறு போட்டோ, அடி வைத்தோ, ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் அளந்த பிறகு எழுதுங்கள். எல்லையை அந்த மண்ணின் பெயர்களால் எழுதுங்கள்: இன்னாருடைய மிளகுக் கொடி ஏறிய பலாமரம், இன்ன ஓடை, இன்ன பாறை, இன்ன சாமி கல். இந்தப் பெயர்கள் எந்த ஆபீசு வரைபடத்திலும் இல்லை, ஊராரின் நாவில்தான் இருக்கின்றன. அவற்றைக் காகிதத்தில் ஏற்றவேண்டியது நம் பொறுப்பு.

இன்னொரு குறையையும் சொல்லியாக வேண்டும், வெட்கத்தோடு. பெரும்பாலான மனுக்களில் மனைவியின் பெயர் இல்லை. திருமணமானவர்களின் உரிமைப் பத்திரம் கணவன் மனைவி இருவர் பெயரிலும் கூட்டாக இருக்கவேண்டும் என்று சட்டம் சொல்லுகிறது. காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கவும், காட்டில் களை எடுக்கவும் முன்னால் நிற்பது பெண்தான். மனு எழுதும்போது மட்டும் அவள் பெயர் மறந்துபோகிறதா?

சாட்சியத்தைப் பற்றி மலையில் ஒரு தவறான அபிப்பிராயம் பரவியிருக்கிறது. பட்டாவோ, பழைய ரசீதோ இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். அப்படியல்ல. விதிகளின் 13 ஆவது பிரிவு பல வகைச் சாட்சியங்களை ஏற்கிறது. வாக்காளர் அட்டை, குடும்ப அட்டை, வீட்டு வரி ரசீது ஆகியவை ஒரு வகை. வீடு, குடிசை, வரப்பு, கல்லணை போன்று நிலத்தில் கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள் இன்னொரு வகை. பழைய கிணறு, இடுகாடு, கோயில், வம்சாவளி ஆகியவையும் சாட்சியமே. மனுதாரர் அல்லாத மூத்தவர் ஒருவர் சொல்லி எழுதப்பட்ட வாக்குமூலமும் சாட்சியமே. சர்க்கார் வெளியிட்ட கெஜட்டியர்களும் இதில் சேரும். 1918 இல் எஃப். ஜே. ரிச்சர்ட்ஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரி எழுதிய சேலம் மாவட்ட கெஜட்டியரில் சேர்வராயன் மலையின் மலையாளிகளைப் பற்றி எழுதப்பட்டிருக்கிறது. ஆண்ட வெள்ளைக்காரன் எழுதிவைத்த காகிதமே இன்று நம் ஜனங்களுக்குச் சாட்சியாக நிற்கும்! இவற்றில் ஒன்று மட்டும் போதாது, ஒன்றுக்கு மேல் வேண்டும். நாம் பார்த்த கட்டில் குடும்ப அட்டை நகலைத் தவிர வேறு எதுவும் இணைக்கப்படவில்லை. இடுகாடு ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

நிராகரிப்புக்கும் ஒரு முறை உண்டு. காரணத்தை மனுதாரருக்கு நேரில் தெரிவிக்கவேண்டும். தெரிவித்த நாளிலிருந்து 60 நாளுக்குள் மேல் கமிட்டிக்கு மனுச் செய்யலாம். ஆகவே காகிதம் எந்தத் தேதியில் கைக்கு வந்தது என்பதை அதே காகிதத்தின் முதுகில் அன்றே குறித்துவையுங்கள். நாம் பார்த்த கட்டில் ஒன்றில்கூட அந்தக் குறிப்பு இல்லை. தமிழ்நாட்டில் உயர்நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவு ஒன்றினால் 2008 இலிருந்து 2016 வரை பட்டா வழங்கும் வேலை முடங்கிக் கிடந்தது. அத்தனை வருஷம் காத்திருந்த ஜனங்களை நம் கவனக் குறைவால் மறுபடியும் காக்க வைப்பது நியாயமா?

ஓர் அறிக்கை எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு நாம் தூரம் போகவேண்டியதில்லை. ஏற்காட்டுக்குக் கிழக்கே மஞ்சவாடிக் கணவாயைத் தாண்டினால் சித்தேரி மலை. அதன் அடிவாரத்தில் அரூர் வட்டத்தில் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 இல் வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறையைச் சேர்ந்தவர்கள் சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லிக்கொண்டு அந்த மலையாளிக் கிராமத்தில் புகுந்தார்கள். ஊர் சூறையாடப்பட்டது, ஜனங்கள் அடிக்கப்பட்டுச் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள், 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அதன் பிறகு இரண்டு விதமான காகிதங்கள் எழுதப்பட்டன.

ஒன்று, சர்க்கார் பக்கத்துக் காகிதம். அதில் கிராமத்தார் தங்கள் வீடுகளைத் தாங்களே சேதப்படுத்திக்கொண்டதாகக் கூட எழுதப்பட்டது. மற்றொன்று, மலைவாழ் மக்கள் சங்கத்தின் தோழர்கள் நேரில் போய்ப் பார்த்து, கேட்டு, எழுதியது. மார்க்சிஸ்ட் கட்சியின் அன்றைய மாநிலச் செயலாளர் ஏ. நல்லசிவன் நீதிமன்றம் சென்றார். பொறுப்புள்ள உத்தியோகஸ்தர்கள் இப்படிச் செய்திருப்பார்களா என்று ஆரம்பத்தில் நீதிமன்றமே சந்தேகப்பட்டது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்தின் அதிகாரி பாமதி நேரில் வந்து விசாரித்துக் கொடுத்த அறிக்கை அந்தச் சந்தேகத்தை அசைத்தது. 1995 இல் வழக்கு சி.பி.ஐ. வசம் போயிற்று. 269 பேர்மீது குற்றச்சாட்டு. 2011 செப்டம்பர் 29 இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும்போது 54 பேர் இறந்து போயிருந்தார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. 2023 செப்டம்பர் 29 இல் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

31 ஆண்டுகள்! இத்தனை காலம் ஒரு வழக்கு நிற்கவேண்டுமானால் அதன் அடியில் கிடக்கும் முதல் காகிதம் எப்படிப்பட்டதாக இருக்கவேண்டும்? “அதிகாரிகள் அட்டூழியம் செய்தார்கள்” என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த வார்த்தை ஒரு வாரம்கூட நின்றிருக்காது. யார், எங்கே, எந்த நேரத்தில், யாரை, என்ன செய்தார் என்பதைப் பாதிக்கப்பட்டவர்களே சொன்னார்கள். பெண்கள் நீதிமன்றத்தில் நின்று அடையாளம் காட்டினார்கள். பெருமை முழுவதும் அவர்களுடையது. எழுதியவர்களின் பங்கு, அவர்கள் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் வைத்தது.

இதில்தான் நம் கிளைகள் அடிக்கடி சறுக்குகின்றன. ஒரு பஞ்சாலைக் கிளையிலிருந்து விபத்து பற்றி நமக்கு வந்த ரிப்போர்ட் ஒன்றில் முதல் இரண்டு பக்கம் சர்வதேச நிலைமை. மூன்றாம் பக்கத்தில் முதலாளித்துவத்தின் கொடூரம். கடைசியில் ஒரே வரி: “சென்ற வாரம் ஒரு பெண் தொழிலாளியின் கை மெஷினில் மாட்டிக்கொண்டது.” எந்தத் தேதி? எந்த ஷிப்ட்? கார்டிங்கா, ஸ்பின்னிங்கா? மெஷினுக்குக் காப்புத் தகடு இருந்ததா, கழற்றி வைத்திருந்தார்களா? பக்கத்தில் வேலை செய்தது யார்? எந்த ஆஸ்பத்திரி? கான்ட்ராக்ட் தொழிலாளியா, நிரந்தரமா? ஒன்றும் இல்லை. நஷ்ட ஈடு கேட்டு எழுத உட்கார்ந்தபோது நம்மிடம் இருந்ததெல்லாம் சர்வதேச நிலைமைதான்.

கொடூரம் என்ற சொல்லை எழுதவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. உண்மைகளை வரிசையாக வைத்துவிட்டால் அந்தச் சொல்லைப் படிக்கிறவனே சொல்லிக்கொள்வான். மார்க்ஸ் ‘மூலதனம்’ எழுதியபோது இங்கிலாந்தின் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர்களின் ரிப்போர்ட்டுகளைப் பக்கம் பக்கமாகப் பயன்படுத்தினார். லியோனார்ட் ஹார்னர் என்ற இன்ஸ்பெக்டர் புரட்சிக்காரர் அல்ல. மணிக்கணக்கைத் திருத்தமாக எழுதிய மனிதர், அவ்வளவுதான். 1880 இல் மார்க்ஸே பிரெஞ்சுத் தொழிலாளர்களுக்காக ஒரு நீண்ட கேள்விப் பட்டியல் தயாரித்தார். நூறு கேள்விகளுக்குக் குறையாது: வேலை நேரம் எத்தனை, அறையில் காற்று வருகிறதா, மெஷினுக்குக் காப்பு உண்டா, கூலி எந்த நாளில் கையில் கிடைக்கிறது என்று. மிகச் சிலரிடமிருந்துதான் பதில் வந்தது என்பதையும் சொல்லிவிடுவோம். நூறு கேள்வி கேட்டால் யார்தான் பதில் எழுதுவார்கள்! நம் கிளைகளுக்குப் பத்துக் கேள்வி போதும். ஆனால் பத்துக்கும் பதில் வேண்டும்.

பார்த்தெழுதும் பழக்கம் இருக்கிறதே, அது நம்மிடம் மட்டும் உள்ள நோய் அல்ல. லட்சக்கணக்கில் சம்பளம் வாங்கும் ஆலோசனைக் கம்பெனிகளையும் பிடித்த நோய். சேர்வராயன் மலையில் பாக்சைட் வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்குக் கொண்டுபோன காலத்தை மலை ஜனங்கள் மறக்கவில்லை. அதே பாக்சைட்டுக்காக மராட்டியத்தில் ரத்தினகிரி மாவட்டத்தில் ஒரு சுரங்கம் தோண்டத் திட்டமிட்டபோது, 2007 வாக்கில், சுற்றுச்சூழல் அறிக்கை ஒன்று தாக்கலாயிற்று. அதைப் படித்தவர்கள் திகைத்தார்கள். கொங்கணக் கடற்கரை மலையில் பனி நாட்டு மரங்கள் வளர்வதாக அதில் எழுதியிருந்தது! ரஷ்யாவின் பாக்சைட் சுரங்கம் ஒன்றைப் பற்றிய அறிக்கையிலிருந்து பத்திகளை அப்படியே இறக்கியிருந்தார்கள். நம் சேலத்திலும் இதைக் கேட்டோம். 2018 இல் அறிவிக்கப்பட்ட 277 கிலோமீட்டர் சேலம்–சென்னை எட்டு வழிச் சாலைக்கான ஆலோசகர் அறிக்கையில் சீன நாட்டுச் சாலைத் திட்டம் ஒன்றின் வரிகள் இடம்பெற்றதாக உயர்நீதிமன்றத்தில் பேசப்பட்டது. 2019 ஏப்ரல் 8 இல் அந்நீதிமன்றம் நிலம் எடுக்கும் அறிவிப்பை ரத்துச் செய்ததும், 2020 டிசம்பரில் உச்சநீதிமன்றம் வேறு விதமாகத் தீர்ப்புச் சொன்னதும் தனிக் கதை. பெரிய கம்பெனி பார்த்தெழுதினால் மறுபடி எழுத அதற்கு அவகாசமும் பணமும் உண்டு. இருபது ஏழைக் குடும்பங்களுக்கு அது கிடையாது.

இதற்கு நேர்மாறான உதாரணம் ஒரிசாவின் நியமகிரி. அங்கேயும் பாக்சைட்தான். 2013 ஏப்ரல் 18 இல் உச்சநீதிமன்றம், அந்த மலையின்மீது தங்களுக்குள்ள உரிமைகளைப் பற்றிக் கிராம சபைகளே முடிவு சொல்லட்டும் என்றது. 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் சுரங்கம் வேண்டாம் என்றன. தங்கள் மலையே தங்கள் சாமி என்பதை அந்த ஜனங்கள் கிராம சபையில் சொன்னார்கள், தீர்மானத்தில் ஏறியது. நம் சேர்வராயன் மலை உச்சியிலும் குகைக் கோயில் இருக்கிறது; மே மாதத் திருவிழாவுக்கு மலையெங்கும் இருந்து ஜனங்கள் கூடுகிறார்கள். ஊர்ப் பொதுவான வழிபாட்டிடம், மேய்ச்சல், தேன், விறகு, நீர் ஆகியவற்றுக்குத் தனிப் படிவம் உண்டு. ‘ஆ’ படிவம் என்பார்கள். நாம் பார்த்த கட்டில் அந்தப் படிவம் ஒன்றுகூட இல்லை. தனி நிலத்தை மட்டும் கேட்டோம், பொதுவானதை மறந்தோம்.

காப்பித் தோட்டத் தொழிலாளரின் மகஜர்களில் வேறொரு தவறு தலைதூக்குகிறது. வீடு, ஆஸ்பத்திரி, குழந்தைக் காப்பகம் கேட்டு எழுதும்போது இன்னமும் 1951 ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் பிரிவுகளைப் போடுகிறார்கள். 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டம் தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணி நிலைமைகள் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது. தொகுப்புச் சட்டங்களை நாம் எதிர்க்கிறோம், எதிர்த்துக்கொண்டே இருப்போம். ஆனால் மகஜரில் செத்துப்போன பிரிவை எழுதுவது எதிர்ப்பு ஆகாது. நிர்வாகத்துக்குச் சுலபமான பதிலைக் கொடுப்பது ஆகும். பிரிவு நிச்சயமாகத் தெரியாவிட்டால் எண்ணைப் போடாதீர்கள். “கூரை ஒழுகுகிறது, இத்தனை வீடுகளில், இத்தனை மாதமாக” என்று எழுதுங்கள். அதற்கு மறுப்பு எழுதுவது கஷ்டம்.

வேலைத் திட்டங்களைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. கிளைக் கூட்டக் குறிப்பேட்டைப் புரட்டினால் போதும். “எல்லா ஊர்களிலும் இயக்கம் நடத்தப்பட வேண்டும்.” “சந்தா சேர்க்கப்பட வேண்டும்.” “பெண்கள் திரட்டப்பட வேண்டும்.” யாரால்? எந்தத் தேதிக்குள்? பஸ் செலவு யார் தருவது? “பட வேண்டும்” என்று முடியும் வாக்கியத்தில் ஆள் ஒளிந்துகொள்கிறான். மூன்று ஊர், மூன்று பெயர், மூன்று தேதி என்று எழுதிய திட்டம் சிறியதாகத் தோன்றும், ஆனால் அடுத்த கூட்டத்தில் அதைக் கேட்க முடியும். காப்பி பறிக்கும் பருவத்தில் மலையில் கூட்டம் போடத் திட்டம் எழுதுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: பகலில் வரமாட்டார்கள். அதைத் திட்டம் எழுதுமுன் அங்கே ஒரு ஆளைக் கேட்டிருக்கலாம்.

தலைச்சோலைப் பக்கத்து அந்த ஊருக்கு நாம் மறுபடியும் போனோம். அதே தோழரும் வந்தார். கட்டை அவரேதான் சுமந்து வந்தார். இந்தத் தடவை அவர் எழுதுமுன் நிலத்தில் நடந்தார். ஒரு நாளில் மூன்று மனுவுக்கு மேல் முடியவில்லை. மாலையில் ஊரின் மூத்த கிழவி ஒருத்தி வாக்குமூலம் சொல்ல வந்து உட்கார்ந்தாள். வயது கேட்டால் தெரியாது என்றாள். தன் முதல் பிள்ளை பிறந்த வருஷம் எந்தப் பாறைக்குக் கீழே சாமை விதைத்தார்கள், அந்தக் காட்டை முதலில் திருத்தியது யார், அவரை எங்கே புதைத்தார்கள் என்று மட்டும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். தோழர் எழுதிப் படித்துக் காட்டினார். இரண்டு இடத்தில் திருத்தினாள். ஒரு பெயரை அவர் தவறாக எழுதியிருந்தார், ஓடைக்கு இந்தப் பக்கத்தை அந்தப் பக்கம் என்று எழுதியிருந்தார். திருத்தி எழுதிய பிறகு மறுபடி படிக்கச் சொன்னாள். அதன் பிறகுதான் கட்டை விரலை மையில் வைத்தாள்.

இன்னும் பதினேழு மனுக்கள் எழுதவேண்டியிருக்கின்றன. அடுத்த கிராம சபைக்குள் முடிக்கவேண்டும். திருத்தமான கையெழுத்தும் இரண்டு நாள் ஓய்வும் உள்ள தோழர்கள், அளவுக் கயிறு ஒன்றையும் கொண்டு மலைக்கு வரலாம்.